படத்தில் இல்லாத மணி

வலது கை மவுஸைப் பிடித்திருந்தது. இடது கை மேசை விளிம்பை இறுகப் பற்றியிருந்தது, விட்டால் திரையில் ஊர்ந்துகொண்டிருந்த பச்சைக் கோடு நின்றுவிடும் என்பதுபோல. கோடு நூறைத் தொட்டது. வேறு வடிவத்துக்கு மாற்றிய வீடியோ கோப்பை எடிட்டிங் சாஃப்ட்வேருக்குள் இழுத்துப் போட்டதும், ஐந்தாவது முயற்சியில், படம் திறந்தது.

ஜோதிமணி மூச்சு விட்டாள். முசிறியிலிருந்து வாழ்க்கைப்பட்டு ஓசூர் வந்தவள். ஸ்டூடியோவில் ஆல்பம் ஒட்டும் வேலைக்குப் போய், முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில் வீடியோ மிக்ஸிங் பழகிக்கொண்டாள். எந்தக் கேமராக் கோப்பு எதில் திறக்கும், எதில் சத்தம் வராது என்று ஒரு டைரி முழுக்க எழுதி வைத்திருந்தாள். இந்தக் கோப்புக்கு மட்டும் அதில் வழி இல்லை.

இது கல்யாண வீடியோ அல்ல. அவள் கணவன் பிரதாப் காவல் பார்க்கும் ஜூஜுவாடி கம்பெனியின் கேட் கேமரா எடுத்தது. செம்புக் கம்பிச் சுருள்களோடு ஒரு லாரி கள்ளத்தனமாக வெளியேறியிருந்தது. மதியம் இரண்டு மணிக்கு கேட் சாவியை ஒப்படைத்ததாக நோட்டில் பிரதாப்பின் கையெழுத்து இருந்தது. லாரி அதற்கு முன்பே போய்விட்டது என்று அடுத்த டியூட்டிக்காரன் சாதித்தான். போனது இரண்டு இருபதுக்கு என்று காட்டியது, மெயின்டனன்ஸ் மாதேஷ் எடுத்துக் கொடுத்த சீடி மட்டும்தான். ரெக்கார்டரில் இருந்தது ஏழு நாளில் தானாக அழிந்துவிட்டது. சீடியோ, அதோடு வந்த பிளேயர் சாஃப்ட்வேரில்தான் ஓடும்.

நாலு மணிக்கு விசாரணை. "கண்ட சாஃப்ட்வேரையும் எங்க கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாது. டிவிடியா கொண்டா, இல்லேன்னா கேஸ் போலீசுக்குப் போகும்" என்று கம்பெனி அதிகாரி சொல்லியிருந்தார்.

படத்தில் கேட் திறந்தது, லாரி நகர்ந்தது. ஜோதிமணி படத்தை நிறுத்தினாள். மூலையில் மணி காட்டும் எண்களைக் காணோம். சீடியோடு வந்த பிளேயர்தான் மணியைப் படத்தின் மேல் காட்டியிருக்கிறது. படத்துக்குள் அது இல்லவே இல்லை.

"தாலி கட்டுறப்ப வீடியோல மேலேருந்து பூவாக் கொட்டுறியே, ஒரு மணி எழுத முடியாதா?" என்றான் பிரதாப். சிரிக்கப் பார்த்தான்.

"பூவை யாரும் எண்ண மாட்டாங்க. மணியை நாம எழுதினோம்னு தெரிஞ்சா, நீங்கதான் திருடன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரிங்க."

பிளேயர் ஓடும்போதே திரையைப் பதிவு செய்து பார்த்தாள். படம் இருந்த இடத்தில் கறுப்புக் கட்டம்தான் விழுந்தது. வெளியே ஜீப் ஒன்று நின்ற சத்தம் கேட்டது. பிரதாப் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அது பக்கத்து வீட்டுக்கு வந்தது.

ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி மானிட்டருக்கு நேரே நிறுத்தினாள். கேமரா வழியே பார்த்தால், திரை மேல் கறுப்புப் பட்டைகள் உருண்டன. கேமராவின் ஷட்டர் வேகத்தை ஒவ்வொரு படியாக மாற்றினாள். ஐம்பதில் பட்டைகள் மெலிந்தன. சீடியை உள்ளே வைக்கும் தன் விரல்களிலிருந்தே பதிவைத் தொடங்கினாள். லாரி மறையும்வரை நிறுத்தவில்லை. வெட்டு ஒட்டு என்று எவனும் சொல்லிவிடக் கூடாது. படம் மங்கல்தான், ஆனால் மூலையில் 14:20 தெளிவாக நின்றது.

மூன்றே முக்காலுக்கு, அதை ஏற்றிய டிவிடியோடு இருவரும் கம்பெனி அலுவலகத்தில் நின்றார்கள்.

"ஓடுமாம்மா?" அதிகாரி கை நீட்டினார்.

"வீட்டு டிவிடி பிளேயர்ல மூணு தடவை ஓட்டிப் பார்த்துட்டேங்க சார். மூல சீடியும் கையில இருக்குங்க."

டிவிடி உறையின் ஒரு முனை அவர் கைக்குப் போய்விட்டது. அவள் விரல்கள் மட்டும் மறுமுனையை விடாமல் பிடித்திருந்தன. பிரதாப் மெல்லச் செருமினான். அவள் விட்டாள்.