மோத்தி நலம் என்று எழுதிய காலம்

மழை விட்டதும் ஏழு நாய்கள் சேர்ந்து உடம்பை உலுக்கினால் வருகிற வாடை எப்படிப்பட்டது என்பது எங்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஈரச் சாக்கும் பழைய மீனும் சேறும் கலந்த அந்த வாடை தகரக் கூரைக்கடியில் புகுந்து, அம்மா போட்ட சாம்பிராணியையும் மீறி, என் பள்ளிச் சீருடையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். தேவி மட்டும் சுளிக்க மாட்டாள். அவள் வீட்டிலும் மோத்தி என்று ஒரு நாய் இருந்தது.

எங்கள் வீட்டு நாய்களில் ஒன்றுகூட நாங்கள் ஆசைப்பட்டு வளர்த்ததில்லை. ஃபிஜியில், நாந்தி விமான நிலையத்துக்கு வடக்கே சபேட்டோ பள்ளத்தாக்கில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வருகிற மண்ரோடு பெரிய ரோட்டில் சேரும் முக்கில் எங்கள் வீடு. பள்ளத்தாக்கிலிருந்து விமான நிலையத்துக்குப் போகிற எவரும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். எண்பத்தேழில் முதல் ‘கூ’ வந்தது. ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூட அந்த ஒற்றை எழுத்தில்தான் சொல்லும். அதற்குப் பிறகு இந்திய வம்சத்தவர்களான எங்களுக்கு ‘பேப்பர்’ என்ற சொல்லுக்கும் ஒரே பொருள்தான், வெளிநாட்டில் குடியேறும் அனுமதி. “அவுங்களுக்குப் பேப்பர் வந்திடிச்சாம்” என்று கோயிலில் யாராவது கிசுகிசுத்தால், அடுத்த மாதம் ஒரு வீடு பூட்டிக் கிடக்கும் என்று அர்த்தம்.

முதல் நாய் வந்தது தற்செயலாகத்தான். மேல்பக்கத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஒரு குடும்பத்தின் வேனுக்குப் பின்னாலேயே அவர்கள் டைகர் ஓடி வந்துவிட்டது. பெரிய ரோட்டில் அடிபட்டுச் சாகப்போகிறதே என்று அப்பா ஓடிப்போய் அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, வேனில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவுதான், செய்தி பரவிவிட்டது. அதன்பின் கிளம்புகிற குடும்பங்கள் எல்லாம் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, நாயையும் அது சாப்பிடுகிற தட்டையும் இறக்கிவைத்துவிட்டு அழுதுகொண்டே ஏறுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ராணி வந்தாள். ஒரு ஜாக்கி வந்தான். பிறகு இன்னொரு ஜாக்கி வந்து, பெரிய ஜாக்கி, சின்ன ஜாக்கி என்றானார்கள். அப்பா கரும்பும் போட்டு, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையும் பார்த்தார். “அவுங்க பொட்டியயும் நாந்தான் ஏத்துறன், அவுங்க நாயயும் நாந்தான் பாக்குறன்” என்பார். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “இது மனுசங்க இருக்கற வீடா, இல்ல நாய்ச் சத்திரமா?” என்று கத்திக்கொண்டே, பெரிய டேக்சாவில் மரவள்ளிக் கிழங்கும் மீன் தலையும் போட்டு வேகவைப்பாள். எங்களுக்கும் பேப்பர் போடலாமே என்று சித்தப்பா கேட்டபோது, “போனா இந்த நாயெல்லாம் யாருகிட்ட விடறது?” என்று அப்பா சிரித்தார். அதை நான் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். கடைசிவரை அவர் பேப்பர் போடவேயில்லை.

தேவியின் குடும்பம் கூ வந்ததற்கு அடுத்த வருஷம் கரும்பு வெட்டுக் காலத்தில் சிட்னிக்குப் போனது. எங்கள் இருவருக்கும் அப்போது பதினான்கு வயது. வண்டி நின்றது, தேவி இறங்கி, மோத்தியின் கயிற்றை என் கையில் கொடுத்தாள். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். “பாத்துக்கோ அஞ்சு, நான் லெட்டர் போடறேன்” என்றாள். அஞ்சலை என்ற என் பெயரை அப்படிச் சுருக்கியவள் அவள்தான். நான் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

மற்ற நாய்கள் இரண்டு நாளில் எங்கள் டேக்சாவுக்குப் பழகிவிட்டன. மோத்தி பழகவில்லை. பகலெல்லாம் வாழை மரத்தடியில் படுத்திருந்துவிட்டு, பள்ளிக்கூட பஸ் வருகிற நேரத்துக்குக் கிளம்பிப் பெரிய ரோட்டைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்தில் போய் நிற்கும். நான் இறங்குவேன், எனக்குப் பின்னால் இன்னொருத்தி இறங்குவாள் என்று பஸ் போகும்வரை பார்த்துக்கொண்டே இருக்கும். கட்டிப்போட்டால் ஊளையிட்டது, அதனால் அவிழ்த்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் கரும்பு லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. லாரியை ஓட்டியவர் தேவியின் அம்மாவுக்குத் தம்பி முறை. எங்களுக்கெல்லாம் லாரி மாமா. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். “மாமா, தேவிக்குச் சொல்லிடாதீங்க மாமா” என்று நான் கெஞ்சினேன். மாமா தலையாட்டினார், நான் அதை நம்பினேன்.

மோத்தியைப் புதைத்தது சலோத்தே. அவள் ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருந்த ஃபிஜிப் பூர்வகுடிகளின் ‘கோரோ’ என்கிற கிராமத்தைச் சேர்ந்தவள், எங்கள் வகுப்புத் தோழி. கூவுக்குப் பிறகு அந்தப்பக்கத்துப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் வகுப்பில் தள்ளித் தள்ளி உட்கார ஆரம்பித்திருந்தோம். யாரும் யாரையும் திட்டவில்லை, ஆனால் முன்போல் டிபனை மாற்றிக்கொள்வதும் இல்லை. அன்றைக்கு நான் ரோட்டோரம் அழுதுகொண்டு நின்றதைப் பார்த்தவள், ஒன்றும் கேட்காமல் போய் மண்வெட்டி எடுத்து வந்து ஆற்றங்கரையில் குழி வெட்டினாள். அவள் ஜெபம் செய்தாள், நான் கற்பூரம் கொளுத்தினேன். மோத்தி எந்தச் சாமியிடம் போனதோ தெரியாது.

இரண்டு நாள் கழித்து நீல நிறத்தில் தேவியின் முதல் கடிதம் வந்தது. எங்கள் தலைமுறைக்குப் பேச்சு எல்லாம் ஊர் ஹிந்தி, எழுத்து எல்லாம் பள்ளிக்கூட இங்கிலீஷ். கடிதம் இரண்டும் கலந்து இருந்தது. சிட்னியில் குளிர், பள்ளியில் யாரும் பேசுவதில்லை, மோத்தி சாப்பிடுகிறானா? இவ்வளவுதான். கேள்வி என்று அதில் இருந்தது அந்த ஒன்றுதான். என்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு சின்ன முள் குத்தியது. மோத்தி செத்துவிட்டான் என்று எழுதினால் அதோடு கடிதம் நின்றுவிடும் என்று எனக்கு அப்போதே நிச்சயமாகத் தெரிந்தது. எனக்காக யார் ஒன்றரை வாரம் காத்திருந்து கடிதம் படிப்பார்கள்? உட்கார்ந்து எழுதினேன்: மோத்தி நலம். நேற்று மீன் தலை முழுவதையும் சாப்பிட்டான். அதோடு நிறுத்தவில்லை, பக்கம் நிரம்பும்வரை எழுதினேன்.

நான்கு வருஷம் மோத்தி நலமாக இருந்தான். ஆற்றில் குளித்தான், புயலுக்குக் கட்டிலடியில் ஒளிந்தான், தீமிதித் திருவிழாவில் தொலைந்துபோய்த் திரும்பி வந்தான். சலோத்தே வீட்டுக் கோழியைத் துரத்தி அவள் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். எழுத எழுத எனக்குக் கை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே சந்தோஷம் அந்தப் பொய்தான். தேவியும் விடாமல் எழுதினாள், விடாமல் மோத்தியைக் கேட்டாள். ஆனால் நாய்க்கும் வயசு என்று ஒன்று இருக்கிறதே. கணக்குப் போட்டுப் பார்த்தால் மோத்திக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. இனி எப்படியும் சாகடித்தாக வேண்டும், அதற்கு எனக்குக் கை வரவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டேன். அதன்பின் அவளிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. பயத்தில் மூன்றையும் பிரிக்காமலே தகரப் பெட்டியில் போட்டேன். ஒரு பெரிய வெள்ளத்தில் பெட்டியோடு அவையும் போயின.

பிறகு நான் ஆசிரியையானேன். கோயிலில் அப்பா பிடிவாதமாக அனுப்பிய தமிழ் வகுப்பு கைகொடுத்தது. பள்ளியில் தமிழும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாயிரத்தில் மறுபடி கூ வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். என் தம்பி நியூசிலாந்துக்குப் போனான். எனக்கு வந்த இரண்டு வரன்களும் பேப்பரோடு கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தன. போகிறவர்கள் எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்து, “நீ இருக்க, ஊரப் பத்திக் கவலையில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாசலில் இறக்கிவிட்டுப் போன நாய்களில் நான் எட்டாவது என்று எனக்குத் தோன்றும். வெளியே சிரித்துக்கொண்டு, உள்ளே அந்த நினைப்போடுதான் ஐம்பது வயதைத் தொட்டேன்.

சென்ற வருஷம் ஒரு காலை சலோத்தேயிடமிருந்து போன் வந்தது. அவள் இப்போது விமான நிலையத்தில் டீக்கடை வைத்திருக்கிறாள். “என் முன்னாடி யாரு நிக்கிறா தெரியுமா? தேவி. அதே சிரிப்பு. உன்னத்தான் கேக்குறா” என்றாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போனை வைத்தேன். அரைமணியில் மறுபடி கூப்பிட்டாள். “ஐம்பது வயசுக் கிழவி, செத்துப்போன நாய்க்கு இன்னுமா பயப்படுற? சனிக்கிழமை கூட்டிட்டு வரேன். காய்ச்சல்னா கஞ்சி கொண்டாரேன்.” அவளிடம் என்றைக்கும் என் பொய் செல்லாது.

சனிக்கிழமை காலை இருவரும் வந்தார்கள். முன்பு மெலிந்து கிடந்த தேவி உருண்டு திரண்டிருந்தாள், தலை முழுக்க நரை; நான் மட்டும்தான் கிழவியானேன் என்று நினைத்திருந்த எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். மாமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பேசியது எங்கள் ஊர் ஹிந்தியில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எல்லாம் மறந்துபோய், டீயைக்கூட ஊற்றாமல், “மோத்தி நீ போன மூணாவது வாரமே செத்துட்டான். நான் எழுதினது அத்தனையும் பொய்” என்று சொல்லி முடித்தேன்.

“தெரியும்” என்றாள் தேவி. “மாமா அன்னைக்கே அப்பாவுக்கு எழுதிட்டாரு. உன் முதல் லெட்டரும் அவரு லெட்டரும் ஒரே வாரத்துல வந்துச்சு.”

சலோத்தே விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான்கு வருஷம் ஒரு செத்த நாயை நான் வளர்த்திருக்கிறேன். செத்தது என்று தெரிந்தே அவள் அதை நலம் விசாரித்திருக்கிறாள்.

“அப்புறம் ஏண்டி கேட்டுக்கிட்டே இருந்த?”

“முதல்ல கோபம்தான். ரெண்டு நாள் அழுதேன். உன்னத் திட்டி எழுத உக்காந்தேன். அப்ப உன் லெட்டர மறுபடி படிச்சேன். மோத்திக்குக் கணக்குப் பரீட்சைன்னா வயித்த வலிக்குதுன்னு எழுதியிருந்த. அடுத்த லெட்டர்ல மோத்திக்கு ரெண்டு நாளா மனசு சரியில்லைன்னு எழுதின. நாய்க்கு ஏது கணக்குப் பரீட்சை? அது நீ. உன்னப் பத்தி நேரா கேட்டா ‘நான் நல்லா இருக்கேன்’னு ஒரே வரியில முடிச்சிருப்ப. நாயக் கேட்டா நாலு பக்கம் எழுதின. அங்க என்கூடப் பேச வேற யாரு இருந்தா?”

நான் அழுதேன் என்று சொல்லாமல் விட்டால் இதுவும் இன்னொரு பொய்யாகிவிடும்; அழுதேன். மோத்திக்காக வந்தவை என்று நான் நினைத்த அத்தனை கடிதங்களும் எனக்கு வந்தவை. முப்பது வருஷத்துக்கு மேலாக, நாய் இல்லாவிட்டால் நான் ஒரு தபால்தலைக்கும் பெறாதவள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு யாருமே காரணமில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டது. விட்டுவிட்டுப் போனார்கள் என்று நான் கோபப்பட்டவர்களில் யாரும் என்னை விடவில்லை. கடிதத்தைப் பிரிக்காமல் போட்டது நான்தான். அதையும் தேவியிடம் சொன்னேன். அவள் டீயை ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள். “மூணாவதுல நாயப் பத்தி ஒரு வார்த்தை இல்ல” என்றாள். “அஞ்சு, நீ எப்படி இருக்க? அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.”

இப்போது சபேட்டோவில் பாதி வயலில் கரும்பு இல்லை. குத்தகை முடிந்த நிலங்களில் புல் மண்டிக் கிடக்கிறது, மீதி இடங்களில் வெந்நீர்ச் சேற்றில் குளிக்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காகப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். தேவியின் வீடு இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் இல்லை, லாரி மாமாவும் இல்லை. நீலக் கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவந்து எத்தனை காலமாயிற்று! என் தமிழ் வகுப்பில் இந்த வருஷம் ஐந்து பிள்ளைகள். எங்கள் வாசலில் இப்போது ஒரு நாய்கூட இல்லை. நான் இருக்கிறேன். இருப்பதைக் குறையாக நினைக்காமல் இருக்க மெல்ல மெல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். சில நாள் முடிகிறது, சில நாள் முடிவதில்லை.

தேவி சிட்னிக்குத் திரும்பிய பிறகு நாங்கள் மூவரும் போனில் ஒரு குழு வைத்துக்கொண்டோம். முதல் மாதம் நான் எழுதியதெல்லாம் மழை, கோயில் திருவிழா, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்றுதான் இருந்தது. போன வாரம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சமைக்கப் பிடிக்காமல் வெறுமனே உட்கார்ந்திருந்தபோது, “இன்றைக்கு மனசு சரியில்லை” என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

“யாருக்கு?” என்று உடனே கேட்டாள் தேவி.

“எனக்குத்தான்” என்று எழுதினேன்.