ஒட்டிக்கொண்ட பக்கம்

என் மாமனார் ராலி பந்தயத்தில் கார் ஓட்டியவரில்லை. ஓட்டுபவரின் பக்கத்தில் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளை நோட்டைப் பார்த்துச் சொன்னவர். சொல்பவர் தலை நிமிரவே கூடாது.

"அவன மாதிரி ஓட்ட இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரணும்" என்பார், தன் சிநேகிதரைப் பற்றி. முப்பது வருஷத்துக்கு முன் ஒரு பந்தயத்தில், மழை ஈரத்தில் நோட்டின் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. ஒரு வளைவை மாமா சொல்லவில்லை. கார் நேராகப் பள்ளத்தில் இறங்கியது. சிநேகிதர் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

நொறுங்கிய அந்தக் கார் இப்போது எங்கள் ஷெட்டை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. தினமும் நாலு மணிக்கு மாமா அதில் ஏறி, அதே நோட்டைச் சத்தமாகப் படிப்பார். அன்று ஒட்டிக்கொண்ட அந்தப் பக்கம் வந்ததும் வாயடைத்துப் போவார். நான் டீயோடு நிற்க வேண்டும்.

நேற்று என் பொறுமை போய்விட்டது. "டீ ஆறிப்போகுது மாமா. நானே படிச்சுத் தொலைக்கிறேன்" என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் படித்தேன்: "நூறு மீட்டர், இடது பக்கம், கொண்டை ஊசி வளைவு."

ஆளில்லாத சீட்டின் முன்னால், துருப்பிடித்து இறுகிப்போன ஸ்டியரிங் மெதுவாக இடது பக்கம் திரும்பியது.

மாமா தலை நிமிரவில்லை. பக்கத்தைப் புரட்டி அடுத்த வளைவைச் சொன்னார்.