என் மனைவிக்கு நான் கொடுத்த அபிஷேக இளநீர்

என் மனைவி பாண்டியம்மாள் சாகக் கிடந்ததற்கு நானே காரணம். அதை மறைத்துவிட்டு மாரியம்மன் அருளைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

நான் சோழவந்தானில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி நான்கு வருடம். செவ்வாயும் வெள்ளியும் மதுரையில் டயாலிசிஸ். ஊசி வலியைப் பொறுத்துக்கொண்டாள். நான் சொன்ன சொல்லைத்தான் பொறுக்க முடியவில்லை. "ஆத்தாளுக்கு நேந்துக்கிட்ட பால்குடத்த எடுக்காம விட்ட, அதான் இது" என்பேன். சாப்பாடு குறைந்தது. பேச்சு நின்றது. சுவரைப் பார்த்தே படுத்துக் கிடப்பாள்.

போன வைகாசித் திருவிழாவில் பால்குடம் எடுக்க வைத்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. டயாலிசிஸ் வேண்டாமென்று நானே முடிவு செய்தேன். அபிஷேக இளநீரைச் செம்பு நிறைய வாங்கிவந்து நீட்டினேன்.

"டாக்டரு எளநி ஆகவே ஆகாதுன்னாரேங்க."

"இது எளநியா? தீர்த்தம். குடி."

முழுவதும் குடித்தாள். மறுநாள் காலை கை கால் துவண்டது. நாடி தடுமாறியது. காரில் மதுரைக்கு விரைந்தோம். என் மடியில் அவள் தலை. "ஆத்தா, இன்னுமா கோவம் தீரல?" என்று முனகினாள். 

ஆஸ்பத்திரியில் இளநீர் கொடுத்ததைச் சொன்னதும் நர்ஸ் கத்தினார். "எளநில பொட்டாசியம் எம்புட்டு இருக்கு தெரியுமா? ஹார்ட்டே நின்னு போகும்யா! படிச்சவருதான நீங்க?"

அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடிவிட்டார்கள். வெளியே நின்று முதன்முறையாக உண்மையைச் சொல்லி வேண்டினேன். "தாயே, அன்று அவள் நேர்ந்துகொண்ட பால்குடத்தைத் தடுத்தவனே நான்தான். வாத்தியார் பெண்டாட்டி மஞ்சள் சேலையோடு தெருவில் போகக் கூடாதென்று தடுத்தேன். பிறகு பழியை அவள்மேல் போட்டேன். அவளைக் காப்பாற்று."

மூன்று மணி நேரம். ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் செத்துப் பிழைத்தேன். அதே நர்ஸ் வந்து, "மெஷின்ல போட்டாச்சு. பொழச்சுக்கிட்டாங்க" என்றார். அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டேன்.

அவள் கண் விழித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஆத்தாளுக்கு உன்மேல் கோபமே இல்லை என்றேன்.

"அப்ப நாலு வருசமா என்னயத் தூங்கவிடாதது நீங்கதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு, "பசிக்குது" என்றாள்.

நோய் போகவில்லை. வாரம் இருமுறை மதுரைக்கு ஆரப்பாளையம் பஸ்ஸில் போய்வருகிறோம். ஆனால் இப்போது பக்கத்துப் படுக்கைக்காரியோடு வம்பளக்கிறாள். இரவில் தூங்குகிறாள். என்னையும் நன்றாகத் திட்டுகிறாள்.

அடியார்களே, அம்மனை நம்புங்கள். டயாலிசிஸ் நாளையும் தவறவிடாதீர்கள். உங்கள் வீட்டு நோயாளியிடம் என்ன குற்றம் செய்தாய் என்று கேட்காதீர்கள். அந்த நோயாளியிடமே போய் உங்கள் குற்றத்தைச் சொல்லுங்கள். நான் சொன்னபோது பாண்டியம்மாள் காதுகொடுத்துக் கேட்டாள்.