எனக்கு வேண்டியிருந்த தாழ்ப்பாள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில் படுத்திருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் உதவுமே என்று எழுதுகிறேன்.

இலஞ்சி வீட்டில் சேலை கட்டும்போது கொசுவம் வலது கையில் நிற்காமல் நழுவியது. பிறகு காலும் மடங்கியது. தென்காசி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, இஸ்கிமிக் ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது) என்றார்கள்.

வீடு திரும்பியதும் மருமகள் செல்வி குறையில்லாமல் பார்த்தாள். உள்ளே விழுந்துவிட்டால் என்ன செய்வதென்று மகன் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டான். செல்வி கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உள்ளேயே நிற்பாள். "நீ நிக்க வேண்டாம்மா" என்பேன்.

எங்கள் பக்கம் காப்பி கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்போம். ஊற்றி வைத்தால் குடிப்போம். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். "உங்க வேண்டாம் எனக்குத் தெரியாதாக்கும்? சும்மா இருங்க அத்தை."

குளியலறைக்குப் போவதைக் குறைக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். பிசியோதெரபி (தசைக்குப் பயிற்சி தரும் சிகிச்சை) செய்ய வருபவரைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வேன். நடந்தால் அங்கேதானே கூட்டிப்போவார்கள். இப்படியே விட்டால் கால் திரும்பாது என்று அவர் சொல்லிவிட்டார்.

நான் இப்படி இருப்பதைப் பார்த்துச் செல்வி என்னை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். சின்ன வயதுப் பெண். தாளில் படிபோல வரைந்தார். அடியில் பசி, தூக்கம். அதற்குமேல் பத்திரம், அப்புறம் சொந்தபந்தம், அதற்கும் மேலே மதிப்பு. கீழே உள்ளது நிறைந்தால் மேலே உள்ளதில் நாட்டம் வரும் என்று ஒரு கொள்கையாம்.

"எல்லாருக்கும் இதே வரிசைன்னு இல்ல ஆச்சி. உங்களுக்கு எது குறையுது?"

"ஒண்ணும் வேண்டாம்."

செல்வி சிரித்தாள். "சாமியே வந்து கேட்டாலும் எங்க அத்தை இதத்தான் சொல்லுவாவ."

"வேண்டாம்ங்கிறத விடுங்க. வேணும்னு ஒண்ணு சொல்லுங்க."

"தாப்பா வேணும். பாத்ரூமுக்கு."

செல்வியின் சிரிப்பு நின்றது. "நெசமாவா வேண்டாம்னிய? கூச்சத்துல சொல்லுதியன்னுல்லா நெனச்சேன்."

"கூச்சந்தாம்மா."

வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாளும் சுவரில் பிடியும் மகன் போட்டான். அந்தக் கதவுவரை போகத்தான் நடக்கப் பழகினேன்.

இப்போது வலது காலை நினைத்து நினைத்து எடுத்து வைக்கிறேன். மறந்தால் அது பின்னாலேயே நின்றுவிடுகிறது. கட்டிலிலிருந்து கதவுக்குப் போவதற்குள் ஒரு பொழுது கழிந்துவிடுகிறது. அவசரம் என்பது வேறு யாருடையதோ என்றிருக்கிறது. தாழ்ப்பாள் போட்டபின் வெளியே செல்வி கேட்பாள்: "அத்தை, இருக்கியளா?"

"இருக்கேன்."

டாக்டர் வரைந்ததில் உச்சியில் இன்னொன்றும் இருந்தது. அது என்னவென்று மறந்துவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் மற்றதையும் சரிபார்த்து, அந்த இடத்தில் எழுதிவிடுங்கள்.