குருவிகளுக்கு முன்னால் நின்ற அப்பா

அப்பாவின் இந்த நினைவுமலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர் பலர் அப்பா இருந்தவரை எங்கள் வாசலை மிதித்ததில்லை. அவர்களுக்காகவே மகளாகிய நான் விவரமாக எழுதுகிறேன்.

அப்பா ஊத்தங்கரைப் பக்கம் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். எழுபதுகளின் கடைசியில் ஓசூர் வந்து, வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தற்காலிகத் தொழிலாளியானார். பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள். பிழைக்கத் தெரிந்தவர்களை அருகிலிருந்து பார்த்தவள் நான். அதை வசையாகக் கருதவில்லை.

மார்கழிக் குளிரில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு பின்புறத் தரிசில் கேழ்வரகும் கம்பும் தூவுவார். குளிருக்கு வடக்கிலிருந்து வரும் சூறைக்குருவிகள், கறுப்புத் தலையும் ரோஜா நிற உடம்புமாகக் கூட்டமாய் இறங்கும். கையிலிருக்கும் டீ ஆறுவதும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

என் தாய்மாமா அதே கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவை நிரந்தரமாக்க வேண்டிய அதிகாரியை ஏர்கன்னோடு அழைத்துவந்தார். அதிகாரிக்குக் குருவிக்கறி பிடிக்குமாம். மாமா இளித்துக்கொண்டே அவர் பின்னால் நின்றார்.

அப்பா எழுந்துபோய்த் துப்பாக்கிக்கு எதிரே நின்றார்.

"மாப்ள, தள்ளு. சார் குறி பாக்கறாரு," என்றார் மாமா.

"நான் போட்ட தீனிய நம்பி வந்ததுங்க. சுட விடமாட்டேன் சார்."

"ரெண்டு குருவிக்காக வேலைய விட்டுருவியா?" என்றார் மாமா.

"விட்டுர்றேன்," என்ற அப்பா, திரும்பி ஓங்கிக் கைதட்டினார். கூட்டம் மொத்தமும் பறந்துபோனது.

மறுவாரமே வேலை போனது. மாமா அதைக் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்தார். பந்தியிலிருந்த உறவினரும் வாயில் சோற்றோடு சேர்ந்து சிரித்தார்கள். அப்பா உத்தனப்பள்ளி சாலையில் லேத் பட்டறைக் கூலியாகி எங்களைப் படிக்கவைத்தார். தீனி தூவுவதை ஒரு குளிர்காலமும் நிறுத்தவில்லை.

போன தையில் நெஞ்சுச்சளி முற்றிப் படுத்தபோது, கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னார். பேச்சு நின்ற பிறகும் குருவிகள் இறங்கினால் விரல் அசையும்.

அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய பட்டறை நண்பர்களுக்கும், குருவிகளைக் காட்டி, "ஹக்கிக்கு நான் போடறேன், நீங்க அப்பாவப் பாருங்க" என்று தினமும் தீனி தூவிய பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்காவுக்கும் எங்கள் நன்றி.

சாவு வீட்டில், "என் மாப்ளைக்குப் பறவைங்கன்னா உசுரு" என்று நாலுபேர் பார்க்க அழுத மாமா, நன்றியில் தம் பெயரும் வரவேண்டுமெனச் சொல்லியனுப்பினார். அம்மாவிடம் கேட்டேன். அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னார்:

"எங்கண்ணன் பேரு வேணாம்."