வரிசையில் மூன்றாவது கல்

எழுபதுகளின் தொடக்கத்தில், கல்கத்தாவின் டாலிகஞ்சில் மண்ணெண்ணெய்க்கு நாங்கள் காத்து நிற்கவில்லை. எங்கள் கற்கள் நின்றன. விடிகிற நேரத்தில் கடை வாசலில் ஆளுக்கொரு செங்கல்லை வைத்துவிட்டு வீடு திரும்புவோம். கடை திறக்கும்போது வந்து அவரவர் கல்லருகே நிற்போம். என் கல்லில் கோலமாவால் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தேன். யாராவது கல்லை நகர்த்திவிடுவார்கள் என்ற சந்தேகம் எங்கள் எல்லோருக்கும் உண்டு.

ஒரு நாள் திரும்பி வந்தபோது, பக்கத்து வீட்டு மாஷிமாவின் கல்லுக்கும் என் கல்லுக்கும் நடுவில் ஒரு நசுங்கிய தகர டின் இருந்தது. அதன் கைப்பிடியில் புடவைக் கிழிசல் கட்டியிருந்தது. அருகில், அகதிக் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு பெண். நான் கல்லை வைத்தபோது அந்த டின் அங்கே இல்லை என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

"இது எப்படி நடுவுல வந்தது?" என்று பெங்காலியில் கேட்டேன்.

"உங்களுக்கு முன்னாடியே வச்சேன், தீதி."

"டின்னுக்குக் கால் முளைச்சிருக்கும்" என்றார் பின்னாலிருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். "பாங்க் பாபுவோட சம்சாரம் பொய்யா சொல்வாங்க?"

அந்த வாதமே போதுமானதாக இருந்தது. அவளைக் கடைசிக்கு அனுப்பினார்கள். அவளுடைய முறை வருவதற்குள் பீப்பாய் காலியாகிவிட்டது. மாஷிமாவோடு பேசிக்கொண்டு நின்ற நான், அவள் வெறும் டின்னோடு போவதைப் பார்த்தேன். நியாயம் நடந்ததாகவே நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், தகராறு நடந்த நாளின் விடியலில் எடுத்த ஒரு படம் வந்தது. ஆளற்ற தெரு, கடை வாசலில், குனிந்து, நட்சத்திரம் போட்ட கல்லை வைக்கும் ஒரு பெண்ணின் முதுகு.

"உன் கல் பேப்பர்ல வந்தாச்சு" என்றார் என் கணவர். "கல்யாண ஃபோட்டோல நீகூட இவ்வளவு தெளிவா விழலை." பிறகு, சாதாரணமாக, "முன்னாடி இருக்கற டின் யாரோடது?" என்றார்.

"தெரியலை" என்றேன்.

முதலில் படமெடுத்தவரைச் சந்தேகித்தேன். பிறகு அச்சு மையை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படத்தில் என் விரல்கள் இன்னும் கல்லை விடவில்லை. அதற்கு முன்னால், கிழிசல் கட்டிய கைப்பிடி. இன்றும் எந்தச் செய்திப் படத்தைக் கண்டாலும், அதில் இருப்பவர் எதைப் பார்க்கத் தவறினார் என்றே என் கண் தேடுகிறது.

அடுத்த முறை அந்தப் படத்தைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவள் டின் அன்று எனக்குப் பின்னால் இருந்தது.

"நீ முன்னாடி போம்மா. அன்னிக்குத் தப்பு என்னோடது."

"வேண்டாம், தீதி. இதுதான் என் இடம்."

பையைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. விடிந்துகொண்டிருந்தது. கற்களை வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினோம். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். அவள் மட்டும் போகவில்லை. டின்னின் மேல் ஒரு கையை வைத்தபடி, என் கல்லையே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.