மேப்பில் வந்த என் மூஞ்சி

இரண்டு வருஷமாக எங்கள் பாதையில் நான்தான் பஸ்.

கயத்தாறிலிருந்து கடம்பூர் வழியாகக் கோவில்பட்டி போகும் காலை பஸ்ஸில்தான் நான் வேலைக்குப் போகிறேன். கோவில்பட்டியில் ஒரு உரக்கடையில் பில் போடுவது என் உத்தியோகம். அந்த பஸ் ஒரு நாள் எட்டு மணிக்குக் கிளம்பும், ஒரு நாள் எட்டரைக்குக் கிளம்பும். அதை விட்டால் அடுத்தது பத்தரைக்குத்தான். வழியில் காத்துக் கிடப்பவர்களுக்கு ஒதுங்க ஒரு உடைமரம்கூடக் கிடையாது. ஆகையால் வாட்ஸப்பில் ஒரு குரூப் தொடங்கினோம். முதல் நிறுத்தத்தில் ஏறுகிற ஆள் நான். உட்கார்ந்ததும் ஃபோனில் லைவ் லொக்கேஷனைப் போட்டுவிடுவேன். மேப்பில் என் போட்டோ ஊர்ந்து வரும். மச்சினன் கல்யாணத்தில் பல்லெல்லாம் தெரிய எடுத்த போட்டோ. அந்தப் பல் பக்கத்தில் வந்ததும் அவரவர் வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும்.

"பஸ்ஸு அண்ணாச்சி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். லீவு போடும் நாளில், "பஸ்ஸுக்குக் காய்ச்சல்" என்று குரூப்பில் போடுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். என்னைச் சிரிப்புக்காரன் என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும், எனக்குச் சோறு வேண்டாம்.

கடம்பூருக்கு அடுத்த இரண்டாவது நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறுவாள். ஆட்டுக்காரர் வீட்டு மருமகள். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை. அவள் ஊர் ரோட்டிலிருந்து கரிசல் வழியே பத்து நிமிஷம் உள்ளே நடக்க வேண்டும். மற்றவர்கள் ரோட்டோரத்து ஆட்கள், ஹார்ன் கேட்டு ஓடி வந்துவிடுவார்கள். என் போட்டோவை மட்டும் நம்பியிருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஒரு நாள் சாயங்காலம் குரூப்பில் அவள் குரல் வந்தது. "அண்ணாச்சி, நாளைக்கு ஒம்பதரைக்கு கோவில்பட்டியில ஒரு பள்ளிக்கூடத்துல ஆயா வேலைக்கு வரச் சொல்லியிருக்காவ. கெடச்சா எம்பிள்ளையையும் அங்கனயே சேத்துக்கிடுவாவளாம். பஸ்ஸ விட்டுரக் கூடாது. மறக்காம போட்டு விடுங்க."

"நான் இருக்கேம்லா தங்கச்சி. பஸ்ஸே உன்னத் தேடி வரும்" என்று பதில் போட்டேன். ஏழெட்டுச் சிரிப்பு பொம்மைகள் விழுந்தன.

மறுநாள் கடம்பூரில் பஸ் நின்றது. போளிக்கடை வாசலில் என் பழைய சேக்காளி பைக்கைச் சாய்த்து நிற்கிறான்.

"ஏலே, எறங்கி வாலே! போளி சூடா இருக்கு."

இறங்கினேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். எங்கள் முதலாளி பூச்சிமருந்து வாசனை பிடிக்காமல் வெற்றிலை வாசனை ஊதுபத்தி கொளுத்திய கதையை ஆரம்பித்தேன். சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கண்டக்டர் படியில் நின்று கத்தினார்: "அண்ணாச்சி, வருதீயளா, இல்லியா?"

"போங்க, நான் இவன் பைக்குல வாரேன்."

பஸ் போய்விட்டது. மேப்பில் மட்டும் அது போளிக்கடை வாசலிலேயே நின்றது, பல்லைக் காட்டிக்கொண்டு. சட்டைப் பையில் ஃபோன் இரண்டு தடவை அதிர்ந்தது. யாரோ ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்து மூன்றாவது போளியைப் பிய்த்தேன். வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கட்டச் சொன்னேன்.

பைக் கிளம்பியதும் மேப்பில் பஸ்ஸும் கிளம்பியிருக்கிறது. அது பைக்கில் போகும்போது எனக்கு உறைக்கவே இல்லை. இரண்டாவது நிறுத்தம் கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் உறைத்தது. புதுச் சேலை கட்டி, ஒரு கையில் ஃபோனைப் பார்த்துக்கொண்டே அவள் கரிசலிலிருந்து ரோட்டுக்கு ஓடி வருகிறாள். பஸ்ஸை நிறுத்த இன்னொரு கையை நீட்டிவிட்டாள். ஃபோனில் என் மூஞ்சி வருகிறது. ரோட்டிலும் என் மூஞ்சிதான் வருகிறது.

சேக்காளியின் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏலே, அந்தப் பிள்ள கையக் காட்டுதே, நிப்பாட்டட்டுமா?"

"நம்மள இல்லலே, பஸ்ஸ. நீ போ."

நான் இறங்கிக்கொண்டு அவளை ஏற்றிவிட்டிருந்தால் ஒன்பதேகாலுக்கே பள்ளிக்கூட வாசலில் நின்றிருப்பாள். அந்த யோசனை கோவில்பட்டி வந்த பிறகுதான் தோன்றியது என்று எழுத ஆசை. அப்போதே தோன்றியது.

கடைக்குப் போனதும் குரூப்பில் எழுதினேன்: "கடம்பூர்ல டவர் போச்சு. மேப் நின்ன எடத்துலயே நின்னுட்டு. மன்னிக்கணும்."

மத்தியானம் அவள் குரல் வந்தது. பத்தரை பஸ்ஸில் வந்தாளாம். அந்த வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டதாம். "பரவாயில்ல அண்ணாச்சி. டவருக்கு நீங்க என்ன செய்வீய." அதை மூன்று தடவை கேட்டேன். குரலில் கோபம் இருந்தால் தேவலை என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

மறுநாளிலிருந்து அவள் பஸ் வருவதற்கு வெகு நேரம் முன்பே நிறுத்தத்தில் வந்து நிற்கத் தொடங்கினாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பாள். கையில் ஃபோன் இருக்காது. அவள் நிற்பது கண்ணில் படாமலிருக்க நான் பஸ்ஸில் எதிர்ப்பக்கத்து ஸீட்டுக்கு மாறினேன்.

இரண்டு வாரம்தான் என்னால் தாங்க முடிந்தது. பிறகு ஒரு நாள் கடம்பூரில் ஓடிப் போய் ஒரு பொட்டலம் போளி வாங்கி, ஓடி வந்து ஏறிக்கொண்டேன். அவள் ஏறி எனக்கு முன் ஸீட்டில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"என்ன தங்கச்சி, இவ்வளவு சீக்கிரமே வந்து நிக்க? நாந்தான் தெனமும் லொக்கேஷன் போடுதேம்லா?"

"ஃபோன்ல சார்ஜ் நிக்க மாட்டேங்கு அண்ணாச்சி."

அப்பாடா என்றிருந்தது. பொட்டலத்தை நீட்டினேன். "பிள்ளைக்குக் குடு."

அவள் என்னைப் பார்க்கவில்லை, பொட்டலத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் பைக்குல இதே மாதிரிதான கையில வச்சிருந்திய" என்றாள் மெதுவாக. "மொகத்தத்தான அண்ணாச்சி மறைச்சிய."

பிறகு கையை நீட்டினாள். "குடுங்க. பிள்ள திங்கும்." வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிக்கெட் கிழித்து முடித்துவிட்டு கண்டக்டர் வந்தார். "என்ன பஸ்ஸு அண்ணாச்சி, இன்னைக்குச் சத்தத்தையே காணும்?"

'டவர் இல்ல' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. முன் ஸீட்டைப் பார்த்து அதை விழுங்கினேன்.